கூலிப் பணம் யாருடைய பணம்?

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கில் ஒரு பெருமை உண்டு. எடுத்த சரக்குக்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், எந்த வாடிக்கைக்காரர் எவ்வளவு பாக்கி, கிடங்கில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால், "இன்று உங்கள் பெட்டியில் இருக்கும் பணத்தில் உங்கள் சிப்பந்திகளுடைய பணம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் பலர் திகைத்துப் போவோம். "சிப்பந்திகளின் பணமா? பெட்டியில் இருப்பதெல்லாம் என் பணம். அதிலிருந்துதானே நான் சம்பளம் கொடுக்கிறேன்!" என்றுதான் பதில் சொல்லத் தோன்றும்.

இந்தப் பதில் சரியா என்பதையே இங்கே விசாரிக்க விரும்புகிறோம். இது சர்க்கார் சட்டத்தோடு மட்டும் முடிந்து போகிற விஷயமன்று. மனிதருக்கு மனிதர் தர வேண்டிய ஹக்கைப் பற்றிய விஷயம். தொழுகையில் குறை நேர்ந்தால் களாச் செய்யலாம், மன்னிக்கிறவன் ரஹ்மான். அடியானின் ஹக்கையோ அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். இதை மதரஸாத் திண்ணையில் ஓதிய சிறுவர்களும் அறிவார்கள்.

முதலில், கூலி என்பது என்ன என்று பார்ப்போம். நாம் மொத்த வியாபாரியிடம் முப்பது நாள் தவணைக்குச் சரக்கு எடுக்கிறோம். சரக்கு நம் கைக்கு வந்த கணமே அதன் விலை நம்மேல் கடனாகி விடுகிறது. நம் கடைச் சிப்பந்தி என்ன செய்கிறார்? அவரிடம் விற்க அரிசி இல்லை, துணி இல்லை. அவரிடம் இருப்பது அவருடைய பொழுதும், உடம்பின் வலுவும்தான். அதை அவர் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே நமக்கு அளந்து கொடுக்கத் தொடங்குகிறார். விலையை மாதம் முடிந்த பிறகுதான் கேட்கிறார். ஆக, அவர் நமக்குக் கடனுக்குச் சரக்குத் தருகிற வியாபாரி. மாதம் முடிந்த அன்று அவர் நம்முன் நிற்பது யாசகராக அன்று. கடன் கொடுத்தவராக நிற்கிறார்.

இப்படிப் பார்த்தால், "நான் சம்பளம் கொடுக்கிறேன்" என்ற பேச்சிலேயே ஒரு பிழை ஒளிந்திருப்பது தெரியும். கடனைத் திருப்பிக் கட்டுகிறவன் யாருக்கும் கொடை கொடுக்கவில்லை. பெட்டியில் கிடக்கும் அந்தத் தொகை பெயரளவில் நம்முடையதாக இருக்கலாம். உரிமையால் அது அவருடையது.

நம் மார்க்கச் சட்டம் இதை 'இஜாரா' என்ற பாடத்தில் விளக்குகிறது. வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. "வந்து சேரு தம்பி, பார்த்துச் செய்கிறேன்" என்று சொல்லி ஆளை அமர்த்துவது அன்பு போலத் தோன்றும். ஆனால் அது ஒப்பந்தம் ஆகாது. மூஸா நபி (அலை) அவர்கள் மத்யன் நாட்டில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றை அல்கஸஸ் சூறாவில் ஓதுகிறோம். அங்கே எட்டு ஆண்டு என்ற காலம் முதலிலேயே பேசப்பட்டது. பத்தாக நிறைவு செய்வது வேலை செய்பவரின் விருப்பம் என்று விடப்பட்டது. கூடுதல் உழைப்பு வேலை செய்பவரின் சம்மதத்தால் வர வேண்டியதே அன்றி, வேலை வாங்குபவரின் கட்டளையால் வர வேண்டியதன்று என்ற பாடத்தை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். இனி, கூலியையும் வியர்வையையும் சேர்த்துச் சொன்ன நபிமொழியை நாம் எடுத்துக் கூற வேண்டியதே இல்லை. அது தெரியாத தமிழ் முஸ்லிம் வியாபாரி எவரும் இருக்க மாட்டார். தெரிந்ததைச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

அடுத்து, நாம் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் கடைச் சிப்பந்திகளுக்கென்றே 1957ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. பின்னர் 1968ல் வந்த வேலை நியமனச் சட்டம் அதனையும், தொழிலாளர், குமாஸ்தாக்கள் ஆகியோருக்கான சட்டங்களையும் ஒன்றாக்கியது. 2019 ஏப்ரல் முதல் நிர்வாகிகள், மேலாளர்கள் உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியருக்கும் அதன் அடிப்படைப் பாதுகாப்புகள் கிடைக்கின்றன. அந்தச் சட்டம் சொல்வது இது: சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கைக்குச் சேர வேண்டும். கூடுதல் நேர வேலைக்கான பணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். முதலாளி ஆளை நிறுத்தினால் கடைசி நாளிலேயே கணக்கு முடிக்க வேண்டும்; அன்று இயலாவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து அவரே விலகினால் கடைசி நாளன்றே கொடுக்க வேண்டும். சம்பளம் கொடுக்கத் தவறுவது குற்றம். முதல் தடவைக்கே 3,000 வெள்ளியிலிருந்து 15,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பாலத்துக்கு அப்பால் தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கும் அதே ஏழு நாள் கெடுதான். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்படாத முன்பணத்துக்கு வட்டியோ கழிவோ வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுத்திருப்பது முஸ்லிம்களாகிய நாம் மகிழ வேண்டிய விஷயம். கூலிப் பணத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடவும் அது இடம் தரவில்லை. தோட்டக் கடைகளில் பற்று எழுதி எழுதியே கூலியைக் கரைத்த காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, தவறு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தீய எண்ணத்திலிருந்து வருவதில்லை. நல்லவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களிலிருந்தே வருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: "வியாபாரம் மந்தம். வசூல் வந்ததும் கொடுத்துவிடுவேன்." வியாபாரம் மந்தமாவது உண்மைதான். ஆனால் அதே மாதத்தில் கடை வாடகையை நிறுத்தினோமா? மொத்த வியாபாரியின் தவணையைத் தள்ளினோமா? இல்லை. வாடகை தவறினால் கடை போய்விடும். தவணை தவறினால் மார்க்கெட்டில் நம் நாணயம் போய்விடும். சிப்பந்தியின் சம்பளம் தவறினால் என்ன போகும்? ஒன்றும் போகாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி முதலாளி" என்பார். ஆக, நாம் கடனின் நியாயத்தைப் பார்த்து வரிசைப்படுத்தவில்லை. கடன்காரரின் பலத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறோம். யாரால் நமக்குக் கெடுதி செய்ய முடியாதோ அவரைக் கடைசியில் நிறுத்துகிறோம். இதற்கு எந்தக் கிதாபிலும் ஆதாரம் கிடையாது. லாபத்தில் பங்கு கேட்காதவரை நஷ்டத்தில் மட்டும் பங்காளியாக்குவது என்ன நீதி? அவர் கூலிக்கு வந்தவரே அன்றிக் கூட்டுக்கு வந்தவர் அல்லர். உண்மையிலேயே முடியாத நிலை வந்தால், தேதி வருமுன்பே அவரை அழைத்து நிலைமையைச் சொல்வதும், நம் வீட்டுச் செலவை முதலில் குறைத்துக்கொள்வதும்தான் மரியாதை. அப்போதும் கடன் கடனாகவே நிற்கும். சட்டத்தின் கெடுவும் நீளாது.

இரண்டாவது சமாதானம்: "பையன் கையில் கொடுத்தால் செலவழித்துவிடுவான். நானே சேர்த்து வைத்து, ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கிறேன்." முன்காலத்தில் நம் கடைகள் பலவற்றில் இதுதான் வழக்கம். ஊரிலிருந்து சபுர் வந்த பையன்களுக்கு முதலாளியே பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தார். கடைமேல் மாடியில் படுக்கை, கடையிலேயே சாப்பாடு, பெருநாளுக்கு உடுப்பு. மூன்று நான்கு வருஷம் கழித்துக் கப்பல் ஏறும்போது கையில் ஒரு தொகை. அந்தத் தொகையைக் கொண்டு வீடு கட்டியவர்களும், தங்கையை நிக்காஹ் செய்து கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பெரியவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் கேள்வி நல்லெண்ணத்தைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது.

அந்தப் பணம் நம்மிடம் என்னவாக இருக்கிறது? அமானத்து என்றால் அதைத் தனியே கட்டி வைக்க வேண்டும், தொடக் கூடாது. தொட்டால் அதற்கு நாமே பொறுப்பாளி. நடைமுறையில் யாரும் தனியே கட்டி வைப்பதில்லை. அது கடை முதலோடு கலந்து சரக்காகி, சரக்கு லாபமாகி நமக்கே வருகிறது. அப்படியானால் அது அமானத்தன்று. சிப்பந்தி முதலாளிக்குக் கொடுத்த கடன். கடன் கொடுத்தவர் எழுத்தில் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார், சாட்சியும் இராது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகறா சூறாவின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் சாட்சிகளைப் பற்றியும் பேசுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

சிலர் குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை இதற்கு ஆதாரமாகச் சொல்வதுண்டு. அம்மூவரில் ஒருவர், வேலையாள் விட்டுப்போன கூலியை முதலாக்கிப் பெருக்கினார் என்பது மெய். ஆனால் அந்த வேலையாள் தாமாகவே விட்டுப் போனார்; இவர் நிறுத்தி வைக்கவில்லை. அவர் திரும்பி வந்து கேட்டபோது இவர் கூலியை மட்டும் கொடுக்கவில்லை. அதிலிருந்து பெருகிய ஆடு மாடுகள் அனைத்தையும் ஒன்று விடாமல் கொடுத்தார். அந்த வரலாற்றைக் காட்டிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பவர்கள், அதே வரலாற்றின்படி லாபத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தயாரா? தயாரில்லை என்றால், அந்த ஆதாரம் அவர்களுக்கு உதவாது.

இக்காலச் சட்டமும் இந்த 'பாதுகாப்பு' வழக்கத்தைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது. வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களின் பணத்தை எஜமானர்கள் 'பத்திரமாக வைத்திருப்பதாக'ச் சொல்லி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சிங்கப்பூரில் 2019 ஜனவரி முதல் விதி இருக்கிறது. பணிப்பெண்ணே கேட்டுக்கொண்டாலும் கூடாது. பையன் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மெய்யாகவே அக்கறை இருந்தால், அவர் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க உதவுவோம். ஊருக்குப் பணம் அனுப்பும் வழியைக் காட்டுவோம். அக்கறை காட்ட அவருடைய பணம் நம் பெட்டியில் இருந்தாக வேண்டியதில்லை.

மூன்றாவது சமாதானம்: "சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கிறேனே!" கொடுப்பது நல்லதே. அது கூலியின் பகுதி என்றால் முதல் நாளிலேயே பேசி எழுத வேண்டும். அன்பினால் என்றால் பின்னால் கணக்கில் கழிக்கக் கூடாது. ஒரே சோற்றை ஒரு நாள் அன்பென்றும் மறுநாள் பற்றென்றும் சொல்ல முடியாது. தங்குமிடம், வசதிகள் ஆகியவற்றுக்காக, தொழிலாளி ஏற்றுக்கொண்டிருந்தால் பிடிக்கலாம் என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்கிறது. அதுவும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சில விலக்குகள் நீங்கலாக, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டலாகாது. மலேசியச் சட்டத்திலும் பொதுவான வரம்பு பாதிதான்.

நான்காவது சமாதானம்: "சாமானை உடைத்தான், பெட்டிக் கணக்கில் குறைந்தது, அதைப் பிடித்தேன்." பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் இங்கே வாதியும் நாமே, சாட்சியும் நாமே, காஜியும் நாமே, அபராதத்தை வசூலிப்பவரும் நாமே! ஆகவேதான் சிங்கப்பூர்ச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அப்புறமும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதையும் ஒரே தடவைதான் பிடிக்கலாம். முன்பணத்தைத் திரும்பப் பிடிப்பதானாலும் ஒவ்வொரு தவணையும் சம்பளத்தில் 25 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். கிடங்கில் எலி தின்றதையும் நம் கணக்குப் பிழையையும் சிப்பந்தியின் தலையில் கட்டுவது, அல்முதஃப்பிஃபீன் சூறா எச்சரிக்கிற அளவுக் குறைப்பைச் சேர்ந்ததே. தராசுத் தட்டில் விரல் வைப்பதற்கும் சம்பளத்தில் கை வைப்பதற்கும் அப்படியென்ன வித்தியாசம்?

ஐந்தாவது சமாதானம் நம்மிடையே அதிகம்: "ரமலானில் அள்ளிக் கொடுத்துவிடுகிறேனே!" தாராளமாகக் கொடுக்கட்டும், அல்லாஹ் பறக்கத் செய்வான். ஆனால் ஜக்காத் என்பது ஏழையின் ஹக்கு. கூலி என்பது உழைத்தவரின் ஹக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிக்க முடியாது. தகுதியுள்ள சிப்பந்திக்கு ஜக்காத் கொடுப்பதில் தடையில்லை. கூலிப் பாக்கிக்கு ஈடாகக் கொடுத்தாலோ அது ஜக்காத்தாகவே நிறைவேறாது. பாக்கி வைத்துக்கொண்டு தர்மம் செய்கிறவர் அடுத்தவர் பணத்தில் புகழ் வாங்குகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் நல்லவர்களின் சமாதானங்கள். நல்லெண்ணத்தின் பேரே சொல்ல முடியாத வழக்கம் ஒன்றும் உண்டு. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் ஒரு தொகை. அல்லது வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குவது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வேலை கொடுத்ததற்காக அவரிடமே பணம் வாங்குகிறவருக்கு சிங்கப்பூரில் 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதைப் பற்றி நாம் விவாதிக்க ஒன்றுமில்லை. பொய்க் கையெழுத்து வாங்கி வைத்த பேரேட்டை மறுமையில் எந்தக் கையால் பிடிப்பது என்று சம்பந்தப்பட்டவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இங்கே சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டம் ஏழு நாள் தருகிறது. கணக்குப் பார்க்கவும் பணம் புரட்டவும் கொடுத்த அவகாசம் அது. பணம் பெட்டியில் இருந்தும் ஏழாம் நாள் மாலைவரை இழுத்தடிக்கிற உரிமை என்று அதை எடுத்துக்கொண்டால், சட்டத்தின் முன் நாம் குற்றவாளி இல்லை. நபிமொழியின் முன் என்ன சொல்வோம்? அதேபோல், சிங்கப்பூரில் வேலையை விட்டவர் சம்பள வழக்கைக் கொண்டுபோக ஆறு மாதம்தான் கெடு. முதலில் சமரசத்துக்கும், அதில் தீராவிட்டால் 2017ல் ஏற்பட்ட வேலைக் கோரிக்கைத் தீர்ப்பு மன்றத்துக்கும் போகலாம். ஆறு மாதம் கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஊருக்குப் போய்விட்ட ஏழை எங்கே வந்து கதவைத் தட்டுவார்? ஆனால் மூடியது மன்றத்தின் கதவுதான். ஹக்கின் கதவு மூடுவதில்லை. அவர் உயிரோடு இருந்தால் அவருக்கு, மவுத்தாகிவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு அது சேர்ந்தாக வேண்டும். சட்டம் நம்மை எங்கே விட்டுவிடுகிறதோ, அங்கேதான் நம் ஈமானின் கணக்கு ஆரம்பமாகிறது.

வேறொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சிப்பந்திக்கும் கடமை உண்டு. நேரத்தைத் திருடுகிறவரும், பொறுப்பில்லாமல் சரக்கைப் பாழாக்குகிறவரும் உண்டு. அவரைக் கண்டிக்கலாம்; முறைப்படி விலக்கலாம்; வராத நாளுக்குச் சம்பளத்தைக் கழிக்கலாம். ஆனால் அவர் செய்து முடித்த வேலைக்குரிய கூலியை நிறுத்தி வைத்து அவரைத் திருத்த முடியாது. அவருடைய குற்றம் நம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

ஆகவே வர்த்தக சகோதரர்களே, நம்மிடம் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் கேட்கப்படவில்லை. ஆளை அமர்த்தும் அன்றே சம்பளம், நேரம், ஓய்வு நாள், பிடித்தம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்போம். பதினான்கு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் விதியும் இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் சட்டமாகியுள்ளபடி, சம்பளத்தோடு இனவாரியான சம்பளச் சீட்டையும் கொடுப்போம். சட்டப்படி கூடுதல் நேரப் பணத்துக்கு உரியவருக்கு ஒரு மணிக்கு ஒன்றரை மணிக் கூலியாகக் கணக்கிடுவோம். சேமநிதியில் அவர் பங்கைப் பிடித்தால் நம் பங்கோடு சேர்த்து உரிய நாளில் கட்டுவோம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது இரட்டைத் துரோகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேரேட்டில் ஒரு சிறு மாறுதல் செய்வோம். சம்பளத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதோடு நின்றுவிடாமல், மாதம் முடிந்த அன்று இரவே, நாம் கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியலில் மொத்த வியாபாரியின் பெயருக்கு மேலே நம் சிப்பந்திகளின் பெயர்களை எழுதுவோம். சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறவரின் பெயரை முதலில் எழுதுவோம். அந்த வரிகள் அடிக்கப்படும் வரையில் பெட்டியில் இருப்பதில் எது நம் பணம், எது அவர் பணம் என்ற சந்தேகம் நமக்கு வராது. அடித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் அது ஹலாலான பணம். அதைக் கொண்டு நம் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சோறு போடலாம்.